பிளாசிதா வீட்டுத் தண்ணீர்

ஒரு ஊரிலே, கிழக்கே கடலும் மற்ற மூன்று பக்கமும் உப்பளமுமாகக் கிடந்த ஒரே ஒரு ஊரிலே, நாக்கில் வைத்தால் இனிக்கிற தண்ணீர் ஊறும் கிணறு ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம்; அந்தக் கிணறு இருந்த வீட்டுக்காரியின் பெயர் பிளாசிதாவாம்; மற்றக் கிணறுகளில் எல்லாம் கடலே வந்து ஒளிந்துகொண்டிருந்ததால், சந்தியாகுபட்டினம் என்ற அந்த ஊர் முழுவதும் காலையிலும் சாயங்காலமும் இடுப்பில் குடத்தோடு பிளாசிதா வீட்டுக் கொல்லையில் வந்து நிற்குமாம்.

அவள் துவைகல்லின் மேல் உட்கார்ந்து வரிசையை நடத்துவாள். பிள்ளைத்தாச்சி நீ முன்னால வா, கல்யாண வீட்டுக்காரி இன்னொரு குடம் சேர்த்து எடுத்துக்கோ, நேத்து கோயில்ல என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போனவ யாரு, நீயா, நீ கொஞ்சம் நில்லு. தண்ணீருக்கென்று அவள் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. ‘பிளாசிதாக்கா’ என்று அவர்கள் கூப்பிடுகிற அந்தக் கூப்பாடு இருக்கிறதே, பாதி கெஞ்சலும் பாதி கொஞ்சலுமாக, அது போதும் அவளுக்கு. அதைக் கேட்டுத்தான் அவள் காலையில் எழுந்தாள், அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பசித்தது.

இதையெல்லாம்விடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. பெரிய வியாழனன்று கோயிலில் பங்குச்சாமி பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவும் சடங்குக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் போகும். அந்த வீட்டுப் பெண்தான் வெள்ளை முக்காடு போட்டு, செப்புக் குடத்தைத் தலையில் வைத்து, பாடகர் குழுவுக்கு முன்னால் நடந்து கொண்டுபோவாள். கால் நீட்டி உட்காருகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள், படகுக்காரர்கள். பிளாசிதா குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று, தன் தண்ணீர் அடுத்தவர்கள் காலில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் புதிதாக வந்த வளன் சாமி, பொம்பிளைகளும் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கே பிளாசிதா செங்கல் துண்டை எடுத்துக் குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்தாள். பின்னே, அந்தக் கோயிலில் பொம்பிளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? தேங்காய் எண்ணெய் பூசினாள், மஞ்சள் பூசினாள், மெட்டியைப் புளி போட்டு விளக்கினாள்.

“ஏட்டி, கழுவப் போறது சாமி,” என்றார் அவள் புருஷன் ரெமிஜியுஸ், கட்டிலில் படுத்தபடி. “எல்லா அழுக்கையும் நீயே கழுவிட்டா அவருக்கு என்ன வேலை மிச்சம்?”

“உங்களுக்கு என்ன தெரியும்? நாலு பேரு பாக்கிற காலு.”

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சாமி பீடத்தில் நின்று பேர்களைச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் பிளாசிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கடைசிப் பேரும் வந்தது. கோமதி மரியா.

யார் கோமதி மரியா என்று பாதிக் கோயில் திரும்பிப் பார்த்தது. மேற்கே மழை பொய்த்த ஏதோ ஒரு ஊரிலிருந்து உப்பு வார வந்தவள், போன வருஷ உயிர்ப்புத் திருநாளில் ஞானஸ்நானம் வாங்கியவள், வாசலுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக உட்காருகிறவள். அவள் காலைப் பார்த்திருக்கிறீர்களா? வற்றிய குளத்துச் சேறு போல வெடித்து, வெடிப்புக்குள் எல்லாம் உப்பு ஏறி வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிற கால். அந்தக் காலுக்கு நாற்காலி. செங்கல்லால் தேய்த்து மஞ்சள் பூசின காலுக்கு ஓரத்தில் நிற்கிற இடம்.

பெரிய வியாழன் வந்தது. பிளாசிதா குடத்தைச் சுமந்தாள். சுமக்காமல் இருக்க முடியுமா, ஊர் என்ன சொல்லும்? அவள் தலையில் வந்த தண்ணீரைத்தான் சாமி மொண்டு மொண்டு ஊற்றினார், அதுதான் கடைசியாக அந்த வெடிப்புகளுக்குள்ளும் இறங்கியது.

“எரியுதாம்மா?” என்று சாமி மெதுவாகக் கேட்டது பிளாசிதாவுக்குக் கேட்டது.

“இல்ல சாமி. குளுந்து இருக்கு.”

சாமி துண்டால் துடைத்தார், ஈரம் போகவில்லை. மறுபடியும் துடைத்தார், போகவில்லை. சரி என்று குனிந்து அந்த ஈரத்தையே முத்தமிட்டுவிட்டு எழுந்து பூசையைத் தொடர்ந்தார். கோமதி தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். நடுக்கோயில் நெடுக அவள் காலடி ஈரமாகப் பதிந்தது. வெளியே மணலில் பதிந்தது, கோயில் தெருவில் பதிந்தது, உப்பளத்து வரப்பு வரைக்கும் பதிந்தது. பெரிய வெள்ளியன்று மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்து, காயப்போட்ட மீனெல்லாம் சருகாகச் சுருண்ட வெயிலிலும் அந்தக் காலடிகள் காயவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளுகிற அளவு தண்ணீர் தெளிந்து நின்றது. அள்ளினால் திரும்பவும் ஊறியது. முதலில் ஒரு ஆடு குடித்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக் கிளமென்சியின் கடைக்குட்டி மண்டியிட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “யம்மா, இது பிளாசிதா பெரியம்மா வீட்டுத் தண்ணி!” என்று கத்தியது.

அதற்குப் பிறகு ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. காலடிகளைச் சுற்றிச் சிப்பி பதித்து வரம்பு கட்டினார்கள். சைக்கிள்காரர்கள் ஓரமாக ஓட்டப் பழகினார்கள். இடது காலடித் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று ஒரு கட்சியும், அதெல்லாம் இல்லை வலது காலடிதான் என்று ஒரு கட்சியும் கிளம்பி, ரெண்டு வீட்டில் சம்பந்தம் பேசினது நின்றுபோனது. கத்தரிக்காய்ப் பாத்தி வைத்திருந்தவர்கள் கோமதியைக் கையைப் பிடித்து இழுத்து, “கொஞ்சம் இப்படிக்கா நடந்து போம்மா” என்றார்கள். டீக்கடை குரூஸ், அவள் கடைக்குள் வந்து போக வேண்டும் என்பதற்காகவே தினமும் கூப்பிட்டு டீ கொடுத்தார். வளன் சாமி மட்டும், “தண்ணி நல்லா இருந்தா குடிங்க. அவளைப் பிடிச்சு நிறுத்தாதீங்க, வேலைக்குப் போகணும்ல” என்று சொன்னார்.

அவள் போன இடமெல்லாம் தெருவில் எழுதி வைத்தது போலத் தெரிந்தது. எந்த வீட்டில் நின்றாள், எங்கே தயங்கினாள், எந்த முடுக்கில் திரும்பினாள், எல்லாம். “உனக்குக் கூச்சமா இல்லையாட்டி?” என்று கிளமென்சி கேட்டதற்கு, “நான் போறதை எல்லாரும் பாத்தா பாத்துட்டுப் போறாங்க, எனக்கென்ன” என்று சிரித்தாளாம்.

பிளாசிதாவின் கொல்லைக்கு யாரும் வரவில்லை. கப்பி கிறீச்சிடவில்லை. துவைகல்லில் அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். இனி அவள் யார்? பிளாசிதாக்கா என்று கூப்பிட ஆளில்லாவிட்டால் பிளாசிதா என்று ஒருத்தி இருக்கிறாளா இல்லையா? நெஞ்சுக்குள் ஒரு மிளகாய் வற்றலை வைத்து யாரோ நசுக்குவது போல இருந்தது, அந்தக் காரம் சோற்றிலும் இருந்தது, தூக்கத்திலும் இருந்தது, செபமாலை மணியிலும் இருந்தது.

சாமியிடம் போனாள். “அது என் தண்ணி சாமி. என் தலையில வந்த தண்ணி. நீங்க அதைப் பீடத்துல நிண்ணு சொல்லணும்.”

“கோமதியே எல்லார்கிட்டயும் அப்படித்தானம்மா சொல்லிட்டு இருக்கு.”

அது உண்மைதான், அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. கோமதி போகிற வீடெல்லாம், “எங்கிட்ட என்ன இருக்கு, பிளாசிதாக்கா வீட்டுத் தண்ணி” என்று சொன்னாள். ஊர் அதைக் கேட்டு, ஆகா என்ன தாழ்ச்சி என்று அவளையே இன்னும் கொண்டாடியது.

வீட்டுக்கு வந்து ரெமிஜியுஸை எழுப்பி, “எனக்குக் காலைக் கழுவுங்க” என்றாள்.

“நானா? நான் என்ன சாமியாரா?”

“கழுவுங்கன்னா கழுவுங்க!”

அவர் சோப்புப் போட்டே கழுவினார், கிச்சுக்கிச்சு மூட்டினார், அடி வாங்கினார். பிளாசிதா முற்றத்தில் நடந்து திரும்பிப் பார்த்தாள். திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது.

ஒரு நாள் வேலிப்பக்கம் போன கோமதியை அவளே கூப்பிட்டு நிறுத்தினாள். “அப்படி என்னட்டி உனக்குக் கிடைச்சுது எங்க கோயில்ல? நாங்க பரம்பரை பரம்பரையா இருக்கோம், எங்களுக்குக் கிடைக்காதது?”

கோமதி யோசித்தபடி நின்ற இடத்தில் தண்ணீர் கட்டியது. “எனக்குச் சொல்லத் தெரியலைக்கா. உப்பளத்துல எனக்குப் பேரு கிடையாது. ‘ஏ பிள்ள’ம்பாங்க, ‘தெக்குப் பாத்திக்காரி’ம்பாங்க. ஞானோபதேசத்துல சிஸ்டர் உன் பேரு என்னன்னு கேட்டப்ப, சொல்ல நேரம் ஆயிட்டு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காருன்னு. இப்போ நீ யாரு வீட்டுப் பொம்பிளை, எவன் அளத்துக் கூலின்னு யாரு கேட்டாலும், அதுக்கு முன்னால சொல்ல எனக்கு ஒண்ணு இருக்கு. அதனால பயம் போயிட்டு. அவ்வளவுதாங்க்கா.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிளாசிதா துவைகல்லில் உட்கார்ந்து தனக்கு அப்படி முன்னால் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். கிணறு இருந்தது. கிணற்றை எடுத்துவிட்டுத் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத ஆத்திரம் முழுவதும் அந்த வெடித்த கால்களின் மேல் போய் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசையும் மீன்குழம்பும் முடிந்து ஊரே மல்லாந்து தூங்குகிற வேளை, பிளாசிதா அடுக்களையிலிருந்து உப்புச் சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். முதல் காலடிக்கு முன்னால் நின்றாள், ஒரு பிடி உப்பைப் போட்டாள், கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள், அடுத்த காலடிக்குப் போனாள். டீக்கடை வாசல், கோயில் தெரு, கத்தரிக்காய்ப் பாத்தி என்று ஒன்றையும் விடவில்லை. வரப்புக்கு வந்தபோது சாடி காலி. வந்த வழியே வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்தாள், அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

எழுந்தபோது பாய் நனைந்திருந்தது. காலைத் துண்டால் துடைத்தாள், ஈரம் போகவில்லை. சேலையால் துடைத்தாள், போகவில்லை. அடுக்களைத் தரையில், வாசலில், தெருவில், ஒவ்வொரு உப்புக் காலடிக்கும் எதிரே, அதைப் பார்த்தபடி, இரண்டு கால்களும் சேர்ந்து நின்ற தடம் ஈரமாக, தெளிவாக, அவளுடையதாக இருந்தது. கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது கேட்காத வேளையில் கிடைத்துவிட்டது. துடைப்பத்தால் பெருக்கினாள். மணலை அள்ளிப் போட்டாள். மணலையும் நனைத்துக்கொண்டு ஊறியது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், “கஞ்சி சப்புன்னு இருக்கே, உப்பு எங்கட்டி?” என்றார் ரெமிஜியுஸ். சாடியை எட்டிப் பார்த்தார், தரையின் ஈரத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். உப்பில்லாமலே கஞ்சியைக் குடித்து முடித்தார்.

விடிந்ததும் குரூஸ் கடையில் டீ குடித்தவர்கள் எல்லாரும் வரிசையாகத் துப்பினார்கள். “ஏ குரூசு, கடல்ல மொண்டு டீ போட்டியாடே?” வீட்டுக்கு வீடு பருப்பு வேகவில்லை, கத்தரிச்செடி வாடித் தொங்கியது, சிப்பி வரம்புகளுக்குள் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அப்புறம்தான் பக்கத்தில் இருந்த மற்றத் தடங்களைப் பார்த்தார்கள். குடித்தார்கள். இனித்தது. தடங்களைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அவை பிளாசிதா வீட்டு வாசலில் போய் முடிந்தன.

“ஒவ்வொண்ணுக்கு முன்னாலயும் நிண்ணிருக்கா பாருங்க!” என்று கிளமென்சி தெருவில் உட்கார்ந்து கும்பிட்டாள். “கோமதி காலடி உப்பாப் போனதைப் பாத்து, தாங்காம, ஒவ்வொரு ஸ்தலமா நிண்ணு சிலுவைப்பாதை செஞ்சிருக்கா எங்க பிளாசிதாக்கா!”

“தவக்காலத்துச் சிலுவைப்பாதையை உயிர்ப்புத் திருநாள் முடிஞ்ச பொறவு எவளாவது செய்வாளா?” என்றார் குரூஸ்.

“வேற யாரும் செய்ய மாட்டா. பிளாசிதாக்கா செய்வா.”

அது போதுமாயிருந்தது. கொல்லை முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ மாலை கொண்டுவந்தார்கள். சப்பரம் கட்டி அவளைக் கூட்டிப் போகலாமா என்று பேச்சு வந்தது. பிளாசிதாக்கா, பிளாசிதாக்கா என்று, அவள் வாழ்நாளில் கேட்டதிலேயே இனிப்பாக, நாலாபக்கமும் கூப்பிட்டார்கள். இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் எழுந்து உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டது.

வளன் சாமியும் வந்தார். அவருக்குப் பின்னால் கோமதி வந்து வேலியோரம் நின்றாள்.

“இந்தா, நீ அங்கேயே நில்லு,” என்றார் குரூஸ். “உன் கால் பழையபடி உப்பாப் போச்சு. இனி தெருவழியா வராத, வரப்பு வழியாப் போ.”

“கோயிலுக்கும் வர வேண்டாம்,” என்றாள் கிளமென்சி. “உள்ள நடந்தா தரையெல்லாம் உப்புப் பூத்துரும். ஏதோ பாவம் பண்ணியிருக்க, இல்லாட்டி இப்படி ஆவுமா?”

“கோயிலுக்கு வராம நான் எங்க போக?” என்று கோமதி கேட்டாள். அவள் பிளாசிதா பக்கம் திரும்பி, தரையில் ஊறியிருந்த தடங்களைப் பார்த்து, முகமெல்லாம் மலர, “அக்கா, உங்களுக்கும் கிடைச்சுட்டா! நல்லதுக்கா, நல்லதுக்கா” என்றாள்.

பிளாசிதா அந்த முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஊட்டுகிற சோற்றில் முள் தேடுவது போல அந்த முகத்தில் ஒரு துளிப் பொறாமையைத் தேடினாள்; ஒன்று இருந்தால் போதும், இரண்டு பேரும் ஒரே மாதிரி என்று ஆகிவிடும், பேசாமல் மாலையை வாங்கிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை. தன்னிடம் இத்தனை இருந்தும் தனக்கு இல்லாத ஏதோ ஒன்று அவளிடம் இருக்கிறது, அது கால் ஈரம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“பிளாசிதாம்மா,” என்றார் சாமி. “நடந்ததை நீங்களே சொல்லுங்க.”

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்து எடுத்தாள்.

“நான் செபம் சொல்ல நிக்கல சாமி. உப்புப் போட நிண்ணேன். நாந்தான் போட்டேன். ஒவ்வொண்ணுலயும்.”

கூட்டம் உருகிப்போனது. “பாத்தீங்களா தாழ்ச்சியை! கோமதி பாவத்தையும் தான் ஏத்துக்கிடுதா!”

“ஐயோ, தாழ்ச்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!” என்று பிளாசிதா கத்தினாள். அடுக்களைக்குள் ஓடிப்போய் உப்புச் சாடியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். “எனக்குப் பொறாமை. வயித்தெரிச்சல். அவ காலைப் பாத்தா எனக்குச் சோறு இறங்கல. நீங்க எல்லாரும் எங்கிட்டயே வரணும், அவளைத் துரத்தணும்னுதான் போட்டேன். புரியுதா உங்களுக்கு?”

யாரும் நம்புவதாக இல்லை. கடைசியில் ரெமிஜியுஸ்தான் கட்டிலிலிருந்து எழுந்து வந்து தொண்டையைச் செருமினார். “அவ சொல்லுறது நிசம். ராத்திரி நான் உப்பில்லாமத்தான் கஞ்சி குடிச்சேன்.”

அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாலையை வைத்திருந்தவள் அதைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கோமதியைப் பார்க்கவும் முடியாமல் பிளாசிதாவைப் பார்க்கவும் முடியாமல் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, தண்ணீர் எடுக்காமலே குடத்தை எடுத்துக்கொண்டு, வேலிப்படல் வழியாகப் போனார்கள். கிளமென்சி போனாள், குரூஸ் போனார். பிளாசிதாக்கா என்று யாரும் சொல்லவில்லை. அவள் அந்தச் சத்தம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டுதான் இருந்தாள், விழவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“இப்போ எப்படிம்மா இருக்கு?” என்று சாமி கேட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். “காலு காஞ்சுட்டு சாமி.”

சாமி தலையை ஆட்டினார். ரெமிஜியுஸின் தோளில் கைபோட்டு, கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வரலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோமதி மட்டும் வேலியோரம் நின்றாள். பிளாசிதா அவளுக்குப் பக்கத்தில் வந்தாள். மன்னிச்சிரு என்ற சொல் வாயில் இருந்தது, ஆனால் அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

“என்னட்டி நினைக்க?” என்றாள் கடைசியில்.

“கோவமா இருக்குக்கா,” என்றாள் கோமதி. “மன்னிச்சிட்டேன்னு இப்போ சொன்னா அது பொய்யாயிரும். நாளைக்கு வாரேன். வந்து சொல்லுதேன்.”

“வராமப் போயிர மாட்டியே?”

“வருவேன்க்கா.”

பிளாசிதாவுக்குள் அந்த மிளகாய்க் காரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் இப்போது அதை ஒளித்து வைக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும், அதனால் மூச்சு விட இடம் கிடைத்தது. “தெருவழியாவே போ,” என்றாள். “யாராவது கேட்டா நான் சொன்னேன்னு... இல்ல, என் பேரைச் சொல்லாத. உன் பேரைச் சொல்லு.”

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பினாள், கோயில் தெருவில் நடக்கத் தொடங்கினாள். அவள் காலடியில் இப்போது உப்பா, இனிப்பா, ஈரமாவது இருக்கிறதா என்று பிளாசிதா குனிந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தது, வெயிலில் தலைக்குச் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு, நடுத்தெருவில், ஒருபக்கத் தோள் கொஞ்சம் தாழ நடந்துபோகிற ஒரு பெண்ணை. இவளுக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கிறதே, இத்தனை நாளும் நமக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி, அவள் முனை திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.